அரைச்ச சாப்பாடு நேரத்துல புரோட்டீனுக்கு என்ன பண்ணீங்க? அவங்கவங்க அனுபவத்த சொல்லுங்க

தண்டையார்பேட்டையிலேர்ந்து:

எனக்கு எடை குறைக்க வயித்த சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு, வெறும் தண்ணி ஆகாரம் தாண்டி அரைச்ச சாப்பாட்டுக்கு வந்தப்போ டயட்டீஷியன் மேடம் திரும்பத் திரும்ப சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், ஒரு நாளைக்கு 60லேர்ந்து 80 கிராம் புரோட்டீன் உள்ள போயாகணும்னு. வயித்துல முக்கால்வாசிய எடுத்தாச்சு, நாலஞ்சு ஸ்பூன் போனாலே நெஞ்சு வரைக்கும் வந்து நிக்குது, இதுல 60 கிராமுக்கு எங்க போறதுன்னு அழுகையே வந்துடுச்சு.

வீட்ல எல்லாரும் பாசத்துல தான் செஞ்சாங்க, மாமியார் கஞ்சித்தண்ணியும் ரசத்துல கரைச்ச சாதமும், எங்க ஆயா ஆட்டுக்கால் பாயா. நம்ம பக்கம் யாரு படுத்தாலும் பாயா குடு, தெம்பு வரும்னு தான சொல்லுவாங்க. ஆனா பாயாவுல பிசுபிசுன்னு ஒட்றது ஜெலட்டின், அதுவும் புரோட்டீன் தான், முழுசான புரோட்டீன் இல்ல. உடம்பு தானா செஞ்சிக்க முடியாத டிரிப்டோஃபேன்னு ஒரு அமினோ ஆசிட் அதுல கிடையவே கிடையாது. கஞ்சி, ரசம் கேக்கவே வேணாம், இருக்கற கொஞ்ச இடத்தையும் ரொப்பிடும், புரோட்டீன் ஒண்ணும் இருக்காது. எடை குறையுதேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்போம், கொழுப்போட சேந்து சதையும் கரைஞ்சிட்டு இருக்கும்.

பாயா வேணாம்னு சொன்னா ஆயா மனசு கஷ்டப்படும்னு, "ஆயா, புள்ள பெத்தவளுக்கு செய்வியே சுறா புட்டு, அத எனக்கு காரம் இல்லாம செஞ்சி குடு"ன்னு கேட்டேன், அவங்களுக்கு முகமே மலர்ந்துடுச்சு. சுறாவுல முள்ளு தொல்லை இல்ல, நடுவுல குருத்தெலும்பு மட்டும் தான். மஞ்சத்தூள் போட்டு வேகவச்சு, சொரசொரன்னு இருக்கற தோல சுடசுட உரிச்சிட்டு சதைய உதிர்ப்பாங்க. புட்டுக்குன்னா தண்ணிய ஒட்டப் புழிவாங்க, எனக்கு புழியாம அப்படியே மிக்ஸி சின்ன ஜார்ல போட்டு, வெந்த தண்ணி ரெண்டு ஸ்பூன், புளிக்காத கட்டித்தயிர் ஒரு ஸ்பூன் விட்டு அரைச்சு, சல்லடையில தேய்ச்சு எடுத்தாங்க. ஆயா முதல்ல தன் நாக்குல வச்சு பாத்துட்டு "திப்பி இல்ல கண்ணு, சாப்புடு"ன்னு சொன்ன அப்புறம் தான் எனக்கு வரும்.

சுறா பெரிய மீனு, பாதரசம் சேர்ற மீனு, அதனால அத எப்பவாச்சும் தான் வச்சிக்கணும். மத்த நாள் காசிமேட்டுல சங்கரா, வவ்வா. 100 கிராம் மீன் சதையில கிட்டத்தட்ட 18, 20 கிராம் புரோட்டீன் இருக்கு, நாம சாப்புடற அளவுக்கு இத விட நல்லது எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் போட்ல வர்ற மீனு வெல எகிறிடும். அப்போ முட்டை தான் கை குடுத்துச்சு, ஒரு முட்டைக்கு 6 கிராம். அவிச்ச முட்டைய அரைச்சா தொண்டையில ஒட்டிக்கும், அதுக்கு பதிலா பால் விட்டு அடிச்சு இட்லி பானையில ஆவியில வேகவச்சா வழுக்கிட்டு எறங்கும்.

பெரம்பூர்லேர்ந்து:

அக்கா, நாங்க சைவம், என் வீட்டுக்காரிக்கு பைபாஸ் பண்ணது, ஹார்ட்டுக்கு இல்ல, இதுவும் எடை குறைக்க வயித்துல பண்றது தான். சாம்பார் மேல்தண்ணிய குடுத்துட்டு பருப்பு குடுத்தேன்னு சொல்றது தான் பெரிய தப்பு, பாசிப்பருப்ப நல்லா கொழைய வேகவச்சு ஸ்பூன்ல எடுத்தா விழாத மாதிரி கெட்டியா அரைக்கணும், அதுல பன்னீர் சேத்து அரைச்சா இன்னும் கொஞ்சம் ஏறும். கொழுப்பு எடுத்த பால் பவுடர் ரெண்டு பெரிய ஸ்பூன் கலந்தா ஒரு 5 கிராம் கூடும், ருசியும் பெருசா மாறாது. பால் ஒத்துக்காம வயிறு உப்புச்சுன்னா வே புரோட்டீன்ல (பால்லேர்ந்து எடுக்கற புரோட்டீன் பவுடர்) ஐசோலேட்னு ஒரு வகை, அத கேட்டு வாங்குங்க, லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை ரொம்ப கம்மி. அத கொதிக்கற எதுலயும் கொட்டாதீங்க, கட்டி கட்டியா திரிஞ்சிடும், கை பொறுக்கற சூட்டுல தான் கலக்கணும். டப்பாவுல சர்க்கரை எவ்ளோன்னு கட்டாயம் பாருங்க, பைபாஸ் பண்ணவங்களுக்கு இனிப்பு சேந்தா படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டி வயித்தால போகும், அத கிட்ட இருந்து பாக்கவே முடியல எனக்கு.

வியாசர்பாடியிலேர்ந்து:

எங்க அம்மா பர்மாவுல பொறந்தவங்க, எங்க வீட்ல மொயிங்கா, அதான் பர்மாக்காரங்க செய்யற மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ், வாரத்துல ஒரு நாள் உண்டு. எனக்கு ஆபரேஷன் ஆனதும் அம்மா அதையே மாத்தினாங்க, நூடுல்ஸ் இல்ல, வாழைத்தண்டு இல்ல, எண்ணெய் பேருக்கு. மீன வேகவச்சு முள்ளு பாத்து எடுத்து, அதே தண்ணியில வறுத்த கடலமாவ கரைச்சு கெட்டியா கொதிக்கவிட்டு, எல்லாத்தையும் சேத்து அரைச்சு குடுப்பாங்க. மீனும் பருப்பும் ஒண்ணா உள்ள போகுது, வாய்க்கும் நல்லா இருக்கு, அந்த வாசனைக்கே எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. ஆனா தண்ணி குடிக்கறது தான் கொழப்பமா இருக்கு, எப்ப குடிக்கறீங்க? முடி வேற கொட்டும்னு பயமுறுத்தறாங்க.

தண்டையார்பேட்டையிலேர்ந்து:

தம்பி, சாப்பாட்டோட தண்ணி வேணாம், சாப்ட்டு அரை மணி நேரம் விட்டு வாய் வாயா குடிங்க, மொத்தமா குடிச்சா அடுத்த வேளைக்கு இடம் இருக்காது. தட்டுல எது இருந்தாலும் முதல் ஸ்பூன் மீனோ முட்டையோ பருப்போ தான், காய் அரைச்சது அப்புறம். முடி மூணு மாசத்துக்கு மேல கொட்ட ஆரம்பிக்கும், எனக்கும் கொட்டிச்சு, வேகமா எடை குறைஞ்சா யாருக்கும் வர்றது தான், பெரும்பாலும் திரும்ப வந்துடும், ஆனா புரோட்டீனும் இரும்புச்சத்தும் கொறஞ்சா இன்னும் மோசமாகும்னு டாக்டர் சொன்னாரு. வைட்டமின் மாத்திரைய நிறுத்தாதீங்க. வாந்தி நிக்காம வந்தா வீட்டு வைத்தியம் பாக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, விடாம வாந்தி எடுத்தா பி1 சத்து கொறஞ்சு நரம்பையே பாதிக்கும்.

அம்மாகிட்ட கேட்டு ஒரு துண்டு மீனுக்கு கடலமாவு எவ்ளோ போடறாங்கன்னு எழுதுங்க தம்பி, ஆயா இப்பவே கேக்கறாங்க.