ஊற்றின கடல் காயவில்லை, சனிக்கிழமைக்குள் உதவி தேவை

கோச்சிப்பெடியன்
வணக்கம். திருகோணமலைச் சீனன்குடாப் பக்கத்தை மொடல் ரயில் லேஅவுட்டாகச் செய்கிறேன், ஓஓ அளவு (1:76). கடல் ஊற்றி நாலைந்து நாளாகிறது, இன்னும் பிசுபிசுக்கிறது. விரல் வைத்தால் ரேகை பதிகிறது. கரையோரம் வேறு உள்வாங்கிவிட்டது. சனிக்கிழமை மருமக்கள் பார்க்க வருகிறார்கள். அவசரம்.

உப்புவெளி76
என்ன ஊற்றினீர்கள்? எவ்வளவு தடிப்பு? அடியில் என்ன?

நிலாவெளிநண்டு
ஈரப்பதம்தான், சந்தேகமே வேண்டாம். மாரியில் நம்ம ஊரில் துணியே காயாது. ஃபேனைப் போட்டு விடுங்கள்.

கந்தளாய்கார்ட்
ரெசினை இறுக்கக் கலக்கிற ஹார்ட்னர் அளவு பிழைத்திருக்கும். எப்பொக்சி ரெசின் என்றால் மேலே இன்னும் ஹார்ட்னர் பூசிப் பலனில்லை, இறுகாததைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். நிறுத்துக் கலந்தீர்களா, கப்பால் அளந்தா?

பழையஎஞ்சின்
இதே கேள்வி, இதே அவசரம். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கடலுக்கு ரெசினே தேவையில்லை. பலகையில் கரும்பச்சை பூசி, டிஷ்யூவைப் பைண்டர் கம்மில் நனைத்து ஒட்டிச் சுருக்கிவிட்டு, காய்ந்ததும் நிறம் தீட்டி, மினுங்கும் வார்னிஷ் அடித்தால் முடிந்தது. உள்துறைமுகத்தில் ஒரு அடி அலையே 1:76இல் 4 மில்லிமீட்டர்தான். ஆனால் நீங்களெல்லாம் அங்கே சுனாமி வைப்பீர்கள்.

கோச்சிப்பெடியன்
பைபர் வள்ளம் கட்டுகிற இடத்தில் வாங்கின ரெசின். அடியில் ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை), மேலே பெயின்ட். ஹார்ட்னர் அவர்கள் சொன்ன கணக்குத்தான்.

உப்புவெளி76
இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி! அது எப்பொக்சி இல்லை, பொலியெஸ்டர். வள்ளத்துக்கு அடுக்கடுக்காகப் பூசுகிற ரெசின் காற்றுப்படுகிற முகத்தில் முழுதாக இறுகாது, அடுத்த அடுக்கு பிடிக்கட்டும் என்றே அப்படி. ஈரப்பதம் மேல் பழி போடாதீர்கள். அதில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் ரெஜிபோமைக் கரைக்கும். பெயின்டில் ஊசிமுனை அளவு ஓட்டை போதும், உள்ளே இறங்கித் தின்றுவிடும். உங்கள் கரை போனது அப்படித்தான்.
அதே இடத்தில் மெழுகு கலந்த ரெசின் கேளுங்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும், பிசுக்குப் போய்விடும். மெல்லிய ஒரு பூச்சுப் போதும். அதற்கு முன் கரைப் பள்ளத்தைப் பிளாஸ்டரால் நிரப்பி, நன்றாகக் காயவிட்டு, எப்பொக்சி பூசி மூடுங்கள். எப்பொக்சி ரெஜிபோமைத் தொடாது. அசிற்றோனால் துடைக்கப் போகாதீர்கள், அதுவும் ரெஜிபோமைக் கரைக்கும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனிப் போத்தலில் தந்தால் ஹார்ட்னருடன் நேரே கலக்கவே வேண்டாம், வெடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

நிலாவெளிநண்டு
இருந்தாலும் ஈரப்பதமும் ஒரு காரணம்தான்.

பழையஎஞ்சின்
கடலை விடுங்கள், தண்டவாளத்தைப் பாருங்கள். ஓஓ பாதை 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 76ஆல் வகுத்தால் 22 வரவேண்டும். அது இலங்கை ரயிலே இல்லை.

கந்தளாய்கார்ட்
அண்ணா, 22க்குத் தண்டவாளம் எந்தக் கடையில் இருக்கிறது? எம்2 எஞ்சின் வந்து நின்றால் பிள்ளைகள் சக்கர இடைவெளியையா அளக்கப் போகிறார்கள்?

பழையஎஞ்சின்
கடையில் கிடைப்பதை மட்டும் செய்வதற்குப் பெயர் மொடலா? நான் கையால் பதித்தேன்.

கந்தளாய்கார்ட்
படம் போடுங்கள் பார்ப்போம்.

உப்புவெளி76
இது வேறு உரையாடலுக்குப் போகட்டும். தம்பி, கரைக் கல்லில் ஈரக்கோடு வரைவதானால் 1 சென்ரிமீட்டரைத் தாண்டவேண்டாம். நமக்கு வற்றும் பெருக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லை. துறைமுகம் ஆழம், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளியே நிறம் இருளவேண்டும்.

கோச்சிப்பெடியன்
மெழுகு ரெசின் பூசினேன், இப்போது ஒட்டவில்லை. கொஞ்சம் ரோஸ் நிறம் அடிக்கிறது, பரவாயில்லை. நன்றி அண்ணா.

உப்புவெளி76
ரோஸ் கோபால்ட்டால் வருவது. கரையை முதலில் மூடினீர்களா, இல்லையா?

கந்தளாய்கார்ட்
ஆள் போய்விட்டார். பழையஎஞ்சின் அண்ணா, அந்தப் படம்?