சிக்னல் இல்லாத பள்ளியில் ஆன்லைன் பயிற்சியும் அதை வகுப்பில் பயன்படுத்துவதும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்

மலையோர அறிவியல் (பேச்சிப்பாறை பக்கம்):
நடுநிலைப் பள்ளி, 6 முதல் 8 வரை அறிவியல். சுற்றிலும் ரப்பர் தோட்டம், போனில் சிக்னல் ஒரு கட்டை நின்றாலே பெரிய காரியம். லேப்டாப் ஒன்று, புரொஜெக்டர் ஒன்று உண்டு. தீக்‌ஷா ஆப்பில் (ஆசிரியர் பயிற்சி நடக்கும் அரசு ஆப்) பயிற்சியை டவுன்லோட் செய்து நெட் இல்லாமல் படித்தால் கணக்கில் ஏறுமா? பயிற்சியில் காட்டும் சிமுலேஷன் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனை), வினாடி வினா எல்லாம் நெட் இல்லாத வகுப்பில் ஓடுமா? ஏழாம் வகுப்பு மின்சுற்றுப் பாடத்துக்கு உடனே தேவை.

தக்கலை டீச்சர்:
ஏறும் சார். ஆனால் தானாக ஏறும் என்று விட்டுவிடாதீர்கள். நெட் இல்லாமல் பார்த்தது போனில்தான் கிடக்கும். சிக்னல் வந்ததும் அந்தப் படிப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, முன்னேற்றத்தை ஒத்திசைக்கும் (சிங்க்) பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன் ஆப்பை அழித்தாலோ போனை மாற்றினாலோ பார்த்ததெல்லாம் போச்சு. பயிற்சியின் கடைசித் தேதிக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

100 விழுக்காடு வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், வீடியோவைத் தள்ளித் தள்ளி ஓட்டுவதும் பிடிஎஃப்பைக் கடைசிப் பக்கம் வரை போகாமல் மூடுவதும்தான். இன்னொன்று, ஒரு நாள் கூகுள் கணக்கிலும் மறுநாள் வேறு ஐடியிலும் நுழைவது. அப்படி நுழைந்தால் ஆப்புக்கு நீங்கள் இரண்டு ஆள். சான்றிதழில் அச்சாவது சுயவிவரத்தில் உள்ள பெயர், அதனால் சேரும்போதே இனிஷியல் வரை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிஷ்டா (மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம்) படிப்பு என்றால் தேர்வில் 70 விழுக்காடு வேண்டும், மூன்று வாய்ப்புதான். தேர்வை மட்டும் குலசேகரம் பக்கம் இறங்கி நல்ல சிக்னலில் எழுதுங்கள்.

நாஞ்சில் இயற்பியல்:
மின்சுற்றுக்கு ஃபெட் சிமுலேஷன் போதும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் இலவசமாகத் தருவது. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஒவ்வொன்றையும் பிரவுசரில் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வைத்து இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் லேப்டாப்பில் போட்டால் நெட்டே வேண்டாம். கோப்பை வலது கிளிக் செய்து குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் திறங்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஓடாது.

திரையில் ஓட்டிக் காட்டுவதோடு நின்றால் அது சினிமாதான். இரண்டு பல்பு தொடரில், இரண்டு பல்பு பக்க இணைப்பில் என இரு சுற்றுகளைக் கரும்பலகையில் வரையுங்கள். ‘ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும்?’ பிள்ளைகள் முதலில் நோட்டில் எழுதட்டும், மூன்று நிமிடம் போதும். பிறகு சிமுலேஷனில் பல்பைக் கழற்றுங்கள். தொடரில் மற்றதும் அணையும், பக்க இணைப்பில் அப்படியே எரியும். எழுதி வைத்தது தப்பாகிப்போன பிள்ளைதான் அப்போது திரையை உற்றுப் பார்க்கும்.

சிமுலேஷனில் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) போட்டால் பேட்டரியில் தீ எரியும். பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், இரண்டு தடவையோடு நிறுத்திவிடுங்கள்.

சிமுலேஷனில் ஒயர் தானாக விடுபடாது, பல்பு பியூஸ் ஆகாது. அதனால் அதே பீரியடில் 1.5 வோல்ட் செல் இரண்டு, டார்ச் பல்பு இரண்டு, ஒயர் வைத்து நிஜமாகவும் செய்ய வையுங்கள். இரண்டு செல்லில் இரண்டு பல்பைத் தொடரில் போட்டால் மங்கலாகத்தான் எரியும், கெட்டுப்போச்சு என்று நினைத்துவிடுவார்கள். ஒயர் நுனியில் இன்சுலேஷனை ஒழுங்காகச் சீவாததும் எரியாமல் போக வழக்கமான காரணம்.

புரொஜெக்டருக்கு விஜிஏ கேபிள் என்றால் அதில் சத்தம் போகாது, ஸ்பீக்கரைத் தனியே லேப்டாப்பில் செருகுங்கள். படம் வராவிட்டால் விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்துங்கள். முடிந்ததும் மின்விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். இடி மின்னல் என்றால் அன்று அதைத் தொடவே வேண்டாம்.

குழித்துறை கணக்கு:
வினாடி வினாவுக்கு பிளிக்கர்ஸ் என்ற ஆப்பைப் பாருங்கள். பிள்ளைகள் கையில் போன் வேண்டாம், அச்சடித்த அட்டை மட்டும். ஒரு தொகுப்பில் 40 அட்டை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கறுப்பு உருவம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி. விடை எழுத்து மேலே வரும்படி தூக்கிப் பிடித்தால் உங்கள் போன் கேமரா எல்லாரையும் ஒரே வீச்சில் படித்துவிடும். உருவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்து எழுத முடியாது. பளபள லேமினேஷன் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா திணறும். கனத்த தாளில் ஒட்டினால் போதும். விரல் உருவத்தை மறைக்கக் கூடாது. உங்கள் போனுக்கு மட்டும் நெட் வேண்டும்.

மலையோர அறிவியல்:
நன்றி. கேள்விகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதே?

குழித்துறை கணக்கு:
பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்தியது. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளியே வரும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு, எல்லா இடத்திலும் தெரியும் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியபின் கொம்பு, துணைக்கால் வரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். புதிதாக அடிப்பதைத் தமிழ் 99 விசைப்பலகையில் அடித்தால் இந்த வேலையே இல்லை. போனில் ஒரு கட்டைகூட நிற்காத நாளில் ஏ, பி, சி, டி என்று நான்கு நிற அட்டை கொடுத்துத் தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொல்லணும்.