இரண்டு ‘ஸ்டேஷனரி’கள்: உங்கள் அனுபவம் என்ன?

மெய்ப்புத் திருத்துநர்:
ஆங்கிலத்தில் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’யும் (stationary), தாள், பேனா, உறை போன்ற எழுதுபொருள்களைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’யும் (stationery) இடம் மாறிக் கிடப்பதை என் வேலையில் அடிக்கடி காண்கிறேன். முன்னதில் கடைசியிலிருந்து மூன்றாவதாக நிற்பது ‘ஏ’. பின்னதில் அதே இடத்தில் ‘ஈ’. மற்ற எழுத்துகளும் உச்சரிப்பும் ஒன்றாகவே இருப்பதால் காதும் உதவாது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருளும் பெரும்பாலும் கோடிட்டுக் காட்டாது. ஓர் அலுவலகத்தின் கொள்முதல் படிவத்தில், தாள்கட்டு, கோப்புறை, ஸ்டேப்ளர் பின் என்று நீண்ட பட்டியலின் தலைப்பில் ‘ஏ’ போட்ட சொல்லே அச்சாகியிருந்தது. அதில் கையெழுத்திட்ட எவருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. படிப்பவருக்குப் பொருள் விளங்கிவிடுவதுதான் இந்தப் பிழையின் ஆயுளை நீட்டிக்கிறது என்பது என் எண்ணம்.

அறிவியல் மொழிபெயர்ப்பாளர்:
பொருள் விளங்காமல் போன இடத்தை நான் பார்த்திருக்கிறேன். இயற்பியல் உரை ஒன்றைக் குரல்வழித் தட்டச்சு எழுத்தாக்கியபோது, நிலை அலையைக் குறிக்கும் தொடரில் ‘ஈ’ நுழைந்துவிட்டது. அதை அப்படியே வாங்கிக்கொண்ட மொழிபெயர்ப்பு மென்பொருள் ‘எழுதுபொருள் அலை’ என்று தந்தது. பேச்சிலிருந்து உருவான ஆங்கிலப் பிரதி கைக்கு வந்தால், இப்போதெல்லாம் இந்தச் சொல்லை முதலில் தேடிச் சரிபார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்க்கத் தொடங்குகிறேன். ‘ஜியோஸ்டேஷனரி’ எனப்படும் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கும் ‘ஏ’தான். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் செயற்கைக்கோளுக்கு ‘அசையாதது’ என்ற அடைமொழி கிடைத்திருப்பது வேடிக்கைதான். ஆனால் பூமியும் உடன் சுழல்வதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்கிறது.

ஆங்கில ஆசிரியர்:
‘என்வலப்’ என்பது ‘ஈ’யில் தொடங்குவதால் எழுதுபொருளுக்கும் ‘ஈ’ என்ற நினைவுக் குறிப்பைத்தான் பலரும் கற்றுத் தருகிறார்கள். அது தேர்வுக்குப் போதும்; ‘ஏன் அப்படி?’ என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால் போதாது. நான் சொல்லின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்ற வணிகர்களுக்கு மாறாக, ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்களுக்கு, நிலையாக நிற்பதைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து ‘ஸ்டேஷனர்’ என்ற பெயர் வந்தது. இலண்டனில் இவர்களின் சங்கம் 1403இல் உருவாகி, 1557இல் அரச சாசனம் பெற்றது. அவர்கள் விற்ற சரக்கே ‘ஸ்டேஷனரி’ ஆயிற்று. பேக்கரிலிருந்து பேக்கரி வந்ததுபோல ஸ்டேஷனரிலிருந்து ஸ்டேஷனரி வந்தது என்றதும், கடைக்காரர் பெயரிலிருந்த ‘ஈ’ எங்கிருந்து தொடர்கிறது என்பது வகுப்புக்குப் பிடிபட்டுவிடுகிறது. இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே என்பதையும் அவர்களே கண்டுகொள்கிறார்கள். ‘டெம்பரரி’, ‘பிரைமரி’ போன்ற அடைமொழிகளின் வரிசையில் அசையாததை வைத்துக் காட்டினால் ‘ஏ’யும் நின்றுவிடும். ஆனால் ‘டிக்‌ஷனரி’ பெயர்ச்சொல்லாக இருந்தும் ‘ஏ’ பெற்றிருக்கிறதே என்று எவராவது கேட்காமல் இருப்பதில்லை. ஆகவே இந்தக் கணக்கு இந்த ஒரு சோடிக்கு மட்டுமே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.