மறு: 'ரெஸ்க்யூ ஃபேண்டஸி'க்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

ஆபத்தில் இருப்பவரை நானே போய் மீட்க வேண்டும் என்ற உள்மன ஆசையைத்தான் ஆங்கிலத்தில் 'ரெஸ்க்யூ ஃபேண்டஸி' என்கிறார்கள். சினிமாவைப் பற்றி எழுதும்போது அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்தவை: மீட்புக் கற்பனை, காப்பாற்றும் கனவு, இரட்சக மனநிலை, கரையேற்றப் புனைவு. என் கருத்தைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில்.

> நாயகன் நாயகியைக் காப்பாற்றுகிறான். 'காப்பாற்றும் காட்சி' என்றால் போதாதா?

போதாது. இயக்குநர் கிரிஃபித்தின் 'வே டவுன் ஈஸ்ட்' (1920) படத்தில் பனிப்பாளத்தில் மயங்கிக் கிடக்கும் லில்லியன் கிஷ் அருவியை நோக்கி மிதந்து போகிறார். நாயகன் பாளத்துக்குப் பாளம் தாவி வந்து தூக்குகிறான். அது கடைசி நிமிட மீட்பு, படத்தொகுப்பு உத்தி. நமக்குச் சொல் வேண்டியிருப்பது காப்பாற்றுகிறவன் மனதில் ஓடும் சமாசாரத்துக்கு. 'அவள் ஆபத்தில் இருக்க வேண்டும், நான் போய் மீட்க வேண்டும்' என்ற ஆசைக்கு. அந்த ஆசைக்கு ஆபத்தும் தேவைப்படுகிறது. இதை விட்டுவிட்டால் சொல் உருவாக்கிப் பயனில்லை.

இந்த ஆசையை ஆராய்ந்தவர் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட். அவர் 1910-இல் எழுதிய கட்டுரை ஆண்களில் ஒரு வகையினரைப் பற்றியது. இவர்களுக்குப் பிடிக்கும் பெண் ஏற்கெனவே வேறொருவனுக்கு உரியவளாக இருப்பாள். அவள் நடத்தையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் இருக்கும். நான் இல்லாவிட்டால் இவள் கெட்டுப்போவாள் என்று அவன் உறுதியாக நம்புவான். இதற்கு வேர் தாய் மீதுள்ள பற்று என்கிறார் ஃபிராய்ட். அந்த 'வேறொருவன்' தந்தை. கனவில் ஒருத்தியை நீரிலிருந்து தூக்குவது அவளைத் தாயாக்குவதற்குச் சமம் என்றும் சொல்கிறார். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். சொல் ஆக்குவதற்கு அவர் சொன்னதன் வடிவம் தெரிந்தால் போதும்.

இப்போது ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தைப் பாருங்கள். பழைய நண்பன் எல்ஸ்டர், தன் மனைவியைப் பின்தொடரச் சொல்லி நாயகன் ஸ்காட்டியை அமர்த்துகிறான். ஆக, வேறொருவன் முதலிலேயே வந்துவிட்டான். அவள் கோல்டன் கேட் பாலத்துக்குக் கீழே, ஃபோர்ட் பாயின்டில், விரிகுடாவில் குதிக்கிறாள். ஸ்காட்டி பின்னாலேயே குதித்துத் தூக்கி வருகிறான். அடுத்த காட்சி அவன் வீடு. கேமரா மெதுவாக நகர்ந்து சமையலறைப் பக்கம் போகிறது. அங்கே அவளுடைய உடைகள் காய்கின்றன. அப்புறம்தான் அவன் படுக்கையில் அவள் தெரிகிறாள். காப்பாற்றியவன் அதோடு நிறுத்தவில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

பின்பாதியில் உண்மை வெளிப்படுகிறது. குதித்தது எல்ஸ்டரின் மனைவி அல்ல, ஜூடி என்ற பெண். எல்ஸ்டர் ஏற்பாடு செய்த நடிப்பு அது. கடைசியில் மணிக்கூண்டில் ஏறும்போது, நீ நன்றாக நீந்துவாய்தானே என்று ஸ்காட்டி அவளைக் குத்திக் கேட்கிறான். ஆபத்தே இருக்கவில்லை. இருந்தது அவனுடைய ஆசை மட்டும்தான், அதைத் தெரிந்துகொண்டு இரை வைத்திருக்கிறார்கள். திரைக்கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரையில் குற்றமுள்ள பெண்ணைத் தண்டிப்பதையும் காப்பாற்றுவதையும் ஒரே வழியின் இரண்டு முடிவுகளாக வைக்கிறார். ஸ்காட்டி இரண்டையும் ஒருத்திக்கே செய்து முடிக்கிறான்.

> 'கற்பனை' எல்லாருக்கும் புரியுமே. ஏன் வம்பு?

புரியும், ஆனால் வேறாகப் புரியும். நம்மிடம் கற்பனை என்றால் கவிஞனின் திறமை. 'நல்ல கற்பனை' என்று பாராட்டுவோம். ஃபிராய்ட் பேசுவது பாதி நனவிலியில் நடப்பது. ஆளுக்கே தெரியாமல் ஆளை நடத்துவது. 'பகற்கனவு' ஓரளவு நெருங்கும், ஆனால் விழித்திருப்பவன் தெரிந்தே காண்பது அது. வெறும் 'புனைவு' என்றால் நாவல், சிறுகதை என்று ஓடிவிடுவார்கள். 'மீட்புப் புனைவு' என்று தலைப்பிட்டால் தீயணைப்புப் படையைப் பற்றிய துப்பறியும் கதை என்று நினைக்கிற ஆபத்து உண்டு. 'மனப்புனைவு' என்று ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

இனி, சொல்லின் முதற்பாதி ('ரெஸ்க்யூ'). 'கரையேற்றம்' முன்மொழிந்த அம்மாவுக்கு ஒரு சபாஷ். பெண்ணைக் கரையேற்றுவது என்று கல்யாணத்துக்கே சொல்கிறோம். ஃபிராய்டின் நீரும் அதில் வந்துவிடுகிறது. ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) குறுக்கே வராதிருந்தால் நானும் இதற்கே கை தூக்கியிருப்பேன்.

அதில் ஈதன், கோமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் தூக்கிச் சென்ற தன் சகோதரனின் மகள் டெபியை ஆண்டுக்கணக்கில் தேடுகிறான். தேடத் தேட, கண்டால் கொன்றுவிடுவது என்ற முடிவுக்கு வருகிறான். படத் தொடக்கத்தில் ஒரு சின்னக் காட்சி: அவளுடைய தாய் மார்த்தா, ஈதனின் மேலங்கியைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். பாதிரியார் அதைக் கவனித்தும் கவனிக்காதவர்போல எங்கோ பார்த்தபடி காப்பி குடிக்கிறார். ஈதனின் தேடலுக்கு அடியில் கிடப்பது கைக்கு எட்டாமல் போன மார்த்தா. இங்கே கரையும் இல்லை, ஏற்றமும் இல்லை. பறிபோனது திரும்ப வேண்டும் என்ற வெறி இருக்கிறது.

அதற்கு 'மீட்பு'தான் பொருந்தும். அடகு நகையை மீட்கிறோம்; கரந்தைத் திணையில், பகைவர் கவர்ந்து போன ஆநிரையை மீட்கிறார்கள். தன்னுடையதாக இருந்ததைத்தான் ஒருவன் மீட்க முடியும். ஃபிராய்டின் ஆண் நினைப்பதும் இதுவே: இவள் முதலில் என்னுடையவள், இடையில் ஒருவன் எடுத்துக்கொண்டான். அந்தப் பெண் பசுவாகவும் நகையாகவும் ஆகிவிடுகிறாளே என்று யாராவது கேட்டால், ஆமாம், அந்த மனம் அவளை அப்படித்தான் வைத்திருக்கிறது. சொல்லில் அது தெரியட்டும்.

> மீட்பர், மீட்பு என்றாலே கிறித்தவ வாடை வருகிறதே?

வரும். நாளிதழில் 'கிணற்றில் விழுந்த பசு மீட்பு' என்றும் வருகிறது, பெரிய தடை இல்லை. 'இரட்சக' வந்தால்தான் முழுக்கத் தேவாலயத்துக்குள் போய்விடுவோம்.

ஆக, 'மீட்பு மனப்புனைவு' என்பது என் முன்மொழிவு. பெயரடை தேவைப்படும் இடத்தில் 'மீட்புவேட்கை கொண்ட' என்று எழுதலாம். நீரிலிருந்து தூக்கும் காட்சிகளை மட்டும் தனியாகக் குறிக்க 'கரையேற்ற'த்தை வைத்துக்கொள்வோம்.

ஒன்று பாக்கி. ஃபிராய்டின் அதே கட்டுரையில் தந்தையை, அரசனை, பெரிய மனிதரைக் காப்பாற்றும் வகையும் வருகிறது: உன்னால் வந்த உயிரை உனக்கே திருப்பித் தந்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்கிற வீம்பு. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில் கழுத்தில் கல்லைக் கட்டி ஆற்றில் விழப்போன கோடீஸ்வரனை நாடோடி காப்பாற்றுவதை இதில் சேர்க்கலாமா? இங்கே 'மீட்பு' சற்று இடிக்கிறது, கடனடைப்பு வாடைதான் தூக்கலாக இருக்கிறது. அந்த வகைக்கு வேறு முன்னொட்டு வேண்டுமா என்று சொல்லுங்கள்.

அன்புடன்.