ராஸ்பெரி பை 3ல ஓடுன பழைய புரோகிராம், பை 5ல எம்மேப் (ஃபைல மெமரியில இணைக்கிற கட்டளை) எரர் அடிக்குது, யாராச்சும் பாத்திருக்கீங்களா?

உபி பட்டறை:
வணக்கம் மக்களே. எங்க வொர்க்‌ஷாப்ல எக்ஸாஸ்ட் ஃபேன், கம்ப்ரஸர் எல்லாத்தையும் நேரத்துக்கு ஆன் ஆஃப் பண்ண ஒரு ராஸ்பெரி பை 3 (கையடக்க கம்ப்யூட்டர் போர்டு) பல வருஷமா ஓடுச்சு. புரோகிராம் சி-ல எழுதுனது, 32 பிட், எழுதுன அண்ணன் ஊருக்கே போயிட்டாரு, சோர்ஸ் கோடு யார்கிட்டயும் இல்ல. இப்ப அந்த போர்டு செத்துப்போச்சு, போஸ் (முதலாளி) சிம் லிம் டவர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில பை 5 வாங்கிட்டு வந்து இது இன்னும் ஃபாஸ்ட் லா அப்படியே மாத்திப் போடுன்னுட்டாரு. போட்டா, 1, 5, 9ம் நம்பர் மிஷினுக்கு மட்டும் டைம்டேபிள் லோடு ஆகுது, மத்ததுக்கெல்லாம் எம்மேப் ஃபெயில்ட், இன்வேலிட் ஆர்க்யுமெண்ட். டேட்டா ஃபைல பேக்கப்ல இருந்து எடுத்துப் போட்டும் அதே கதை. ராம் 8 ஜிபி இருக்கு, பத்தலன்னும் சொல்ல முடியாது.

ஈசூன் கெர்னல்:
ராமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ப்ரோ. 1, 5, 9ன்னு நாலு நாலா தாவுது பாருங்க, அதுலயே விடை இருக்கு. ஒவ்வொரு மிஷினுக்கும் ஃபைல்ல 4096 பைட் ஒதுக்கி, அந்தந்த இடத்துல இருந்து எம்மேப் பண்ணியிருப்பாரு உங்க அண்ணன். எம்மேப்புக்குக் குடுக்குற ஆஃப்செட் (ஆரம்பிக்கிற இடம்) பேஜ் சைஸோட (ஓஎஸ் மெமரியப் பிரிக்கிற துண்டோட அளவு) மடங்கா இருக்கணும், பை 3ல பேஜ் 4 கேபி அதனால எல்லாமே பொருந்துச்சு, பை 5ல ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டா டீஃபால்ட் கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) 16 கேபி பேஜ், அதான் 0, 16384, 32768ல ஆரம்பிக்கிறது மட்டும் பாஸ் ஆகுது. எஸ்ட்ரேஸ் (புரோகிராம் கெர்னல்கிட்ட கேக்குறதக் காட்டுற டூல்) போட்டு ஓட்டுனா கண்ணாலயே பாக்கலாம்.

சோர்ஸ் இருந்தா ஆஃப்செட்ட பேஜ் எல்லைக்குக் கீழ இறக்கி, மிச்சத்த பாயிண்டர்ல கூட்டிக்கலாம். இல்லாததால பூட் ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல கான்ஃபிக் டெக்ஸ்ட் ஃபைல்ல, கெர்னல் சமம் போட்டு கெர்னல்8.ஐஎம்ஜி-ன்னு ஒரு லைன் சேத்துட்டு ரீபூட் பண்ணுங்க. அது 4 கேபி கெர்னல். ஸ்பீடு லேசாக் குறையும், ஃபேன் ஓட்டுறதுக்கு அதெல்லாம் தெரியாது.

உபி பட்டறை:
அண்ணே சூப்பர், எல்லா டைம்டேபிளும் வந்துருச்சு! ஆனா மிஷின ஆன் ஆஃப் பண்ற ரிலே ஒண்ணும் கிளிக் ஆகல. இப்ப வேற எம்மேப் எரர், ஆபரேஷன் நாட் பெர்மிட்டட். ரூட்டாத்தான் ஓட்டுறேன். எஸ்ட்ரேஸ்ல டெவ் மெம் (மெமரி, ஹார்டுவேர் அட்ரஸ நேரடியாத் தொடுற ஃபைல்) ஓப்பன் பண்ணி 3எஃப்200000ங்குற ஆஃப்செட் கேக்குது.

அங் மோ கியோ அண்ணாச்சி:
தம்பி, இத செட்டிங் மாத்தி எல்லாம் சரி பண்ண முடியாது. முன்னது ஃபைல் மேப்பிங், இது ஹார்டுவேர் அட்ரஸ். பை 2, 3ல ஜிபிஐஓ (ரிலே மாதிரி வெளிச் சாதனத்த ஓட்டுற பின்கள்) ரெஜிஸ்டர் அந்த அட்ரஸ்ல இருக்கும், பை 1ல 20200000, பை 4ல எஃப்இ200000. பை 5ல ஜிபிஐஓ மெயின் சிப்புலயே கிடையாது, பிசிஐஇ (சிப்புகள இணைக்கிற பாதை) வழியா இணைச்ச ஆர்பி1ங்குற தனி சிப்புல இருக்கு, ரெஜிஸ்டர் அமைப்பே வேற. நீ கேக்குற அட்ரஸ்ல இப்ப இருக்குறது சாதா ராம், அதான் கெர்னல் தடுக்குது, தடுக்குறது நல்லதுதான், விட்டிருந்தா வேற எவனோட டேட்டா மேலயோ போயி எழுதியிருக்கும். ஃபோரத்துல யாராச்சும் அந்தத் தடைய எடுத்துட்டு கெர்னல் கம்பைல் பண்ணுன்னு சொன்னா காதுலயே வாங்காத.

ஈசூன் கெர்னல்:
அண்ணாச்சி சொல்றது கரெக்ட், நான் ரிலே இருக்குன்னே கவனிக்கல. டைம்டேபிள் ஃபைல் அமைப்பு புரிஞ்சா லிப்ஜிபிஐஓடி (கெர்னல் வழியா ஜிபிஐஓவ ஓட்டுற லைப்ரரி) வச்சு புதுசா எழுதிடலாம், பெரிய வேலை இல்ல.

உபி பட்டறை:
எழுதலாம், ஆனா அதுவரைக்கும் ஃபேன் ஓடணுமே. பை 4 வாங்குனா ஓடிருமா?

அங் மோ கியோ அண்ணாச்சி:
ஓடாது. பேஜ் சைஸ் 4 கேபிதான், ஆனா உன் புரோகிராம் டெவ் மெம்ல 3எஃப் அட்ரஸ நேரடியாக் கேக்குது. டெவ் ஜிபிஐஓமெம் (ஜிபிஐஓவ மட்டும் காட்டுற ஃபைல்) ஓப்பன் பண்ணி ஆஃப்செட் 0 கேட்டிருந்தா பை 4லயும் தப்பிச்சிருக்கும். இன்னொரு பை 3 வாங்கி பழைய எஸ்டி கார்ட அப்படியே சொருகு, இன்னும் புதுசு கிடைக்குது. ஜீரோ 2 டபிள்யூவும் அதே 3எஃப்தான், ஆனா அதுல பின் ஹெட்டர் நீயே சால்டர் பண்ணணும். கார்ட சொருகுறதுக்கு முன்னாடி ஒரு இமேஜ் (முழு காப்பி) எடுத்து வை. பை 5ஐ போஸ்கிட்ட திருப்பிக் குடுக்காத, புது புரோகிராம டெஸ்ட் பண்ண அது வேணும்.