இட்லி ஏன் சாம்பல் நிறமா விழுது?

மாம்பலம் மாடிவீடு:
வணக்கம். மேற்கு மாம்பலத்துல இருக்கேன். அண்ணன் தன்னோட பழைய கேனான் கேமராவையும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸையும் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. வேலைக்குப் போறதால வெளியே சுத்த நேரமில்ல, அம்மா சமைக்கிறதைத்தான் தினமும் எடுத்துப் பழகறேன். சாம்பார், கத்திரிக்காய் பொரியல் எல்லாம் பரவாயில்ல. இட்லி மட்டும் அழுக்கா விழுது. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் வேற. காலை 7 மணி, மேஜைக்கு மேல பல்பு, பக்கத்துல ஜன்னல். கிட்டப் போனா ஃபோகஸும் ஆகல. அம்மா இட்லி மல்லிப்பூ மாதிரி இருக்கும், அது படத்துல தெரியணும்.

பெரம்பூர் 50எம்எம்:
கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல்னு நினைச்சுத்தான் வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைத் தட்டுல வெள்ளை இட்லின்னா வெளிச்சம் ஜாஸ்தின்னு குறைச்சிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா அளந்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கிற செட்டிங்கை, +1 வையுங்க. ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டு இடதுபக்கம், வெளிச்சம் வலதுபக்கம்னு காட்டுற வரைபடம்) வலது ஓரத்துல முட்டக் கூடாது, முட்டினா இட்லி மேல இருக்கிற துளையெல்லாம் அழிஞ்சிடும். உங்க லென்ஸ் எஸ்டிஎம்னா (புது மாடல், லென்ஸ் மேலயே STMனு எழுதியிருக்கும்) 35 செ.மீ., அதுக்கு முந்தினதுன்னா 45 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் பிடிக்காது. தள்ளி நின்னு எடுத்து அப்புறம் வெட்டிக்கோங்க.

அடையாறு அடுக்களை:
முதல்ல பல்பை அணைங்கம்மா. மஞ்சள் வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்தா எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாக் காட்ட நிறத்தைச் சரி பண்ற செட்டிங்) ரெண்டையும் சேர்த்துச் சரி பண்ணாது. ஜன்னல் ஒரு பக்கம் இருக்கட்டும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை நிறுத்துங்க, நிழல் இளகும். ஆவி தெரியணும்னா ஜன்னல் பின்பக்கமா சாய்வா இருக்கணும், இட்லிக்குப் பின்னாடி கறுப்பா ஏதாவது வேணும். நான் இரும்பு தோசைக்கல்லைத்தான் நிறுத்துவேன். இன்னொண்ணு, சூடான இட்லியை வெச்சுக்கிட்டு செட்டிங் தேடாதீங்க. நேத்து மிஞ்சினதை வெச்சு எல்லாம் சரி பண்ணிட்டு, துணியிலேருந்து எடுத்ததும் மாத்துங்க. சமைச்சவங்களைக் காக்க வைக்கக் கூடாது.

மாம்பலம் மாடிவீடு:
ஞாயித்துக்கிழமை அப்படியே பண்ணேன். பல்பை அணைச்சதுமே பாதி சரியாயிடுச்சு. +1ல வெள்ளை வெள்ளையாவே வந்தது. ஈரத்துணியோட நெசவு இட்லி அடியில பதிஞ்சிருக்கும் இல்லையா, அந்தக் கோடுகூட விழுந்திருக்கு! தோசைக்கல்லுக்கு முன்னாடி ஆவி மெலிசா எழும்புது. அம்மா படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, "உளுந்து நல்லாப் பொங்கியிருக்கு"ன்னாங்க. நாளைக்கு ரசம். டம்ளர்ல ஜன்னல் அப்படியே பிரதிபலிக்குது, அதுக்கு என்ன பண்றது?