கோயில் விமானத்தின் மேல் ஏன் அத்தனை குட்டிக் கோயில்கள்?

வெள்ளைமணல்:
போன வாரம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். தர்மராஜ ரதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என் பெண், "கோயிலுக்கு மேலே ஏம்ப்பா இத்தனை குட்டிக் கோயில்?" என்று கேட்டாள். அதுவரை அதெல்லாம் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரை இருக்கிறது! இவற்றுக்குப் பெயர் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கற்றளி:
உங்கள் பெண் சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். தளத்தின் மூலையில் சதுரமாக நிற்பது கர்ணகூடம், நடுவில் கூண்டுவண்டி மாதிரிக் கூரையோடு நீளவாக்கில் இருப்பது சாலை. இரண்டுமே முழுக் கோயிலின் சின்ன உருவங்கள்தான். பக்கத்திலேயே நிற்கும் பீம ரதத்தைப் பார்த்தீர்கள் அல்லவா, மேலே இருக்கிற சாலை ஒன்றைப் பெரிதாக்கித் தரையில் இறக்கி வைத்தால் அப்படித்தான் இருக்கும். அதற்கடுத்த அர்ஜுன ரதமோ தர்மராஜ ரதத்தையே ஒரு தளம் குறைத்துச் செய்தது போல இருக்கும். தஞ்சாவூரில் 1010இல் முடிந்த பெரிய கோயிலிலும், 216 அடி விமானம் முழுக்கத் தளத்துக்குத் தளம் இதே கூடமும் சாலையும்தான் சிறுத்துக்கொண்டே மேலே போகின்றன. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சலிப்பதே இல்லை.

பனையோலை:
பீம ரதமே இன்னொன்றின் பிரதிதான். மூங்கிலை வளைத்துக் கூரை வேய்ந்த கட்டடத்தைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் சொல்கிறான், அதற்கு முன்பு எதைக் கொண்டு கட்டினார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. ஆனால் இதை உடனே "அண்டத்தில் உள்ளது பிண்டத்தில்" என்று தத்துவமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குட்டிச் சாலைக்கு மேல் இன்னொரு குட்டிச் சாலை கிடையாதே, ஒரு படியோடு நின்றுவிடுகிறது.

கற்றளி:
தத்துவம் வேண்டாம், சரி. ஆனால் ஒரு படியோடு நிற்கவில்லை. கூரை விளிம்பில் லாடம் போல வரிசையாக வளைவுகள் இருக்கும், கூடு என்பார்கள், சிலவற்றுக்குள் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். பீம ரதத்தின் பக்கவாட்டில் போய் நின்று அதன் கூரை முடியும் இடத்தைப் பாருங்கள், அதே லாட வளைவு பெரிதாக நிற்கும், கூடு அதன் குட்டி உருவம்.

வெள்ளைமணல்:
அந்தப் பக்கவாட்டில் நின்று எடுத்த படம் ஒன்று போனில் இருக்கிறது. இப்போதுதான் பெண்ணிடம் காட்டினேன், கூட்டுக்குள் இருக்கும் முகங்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள். பொங்கல் விடுமுறையில் மறுபடி போகிறோம்.